டீசல் கிராங்க் கிடைத்தாயிற்று, ஹெட் எது?

டட்சன் 240 இசட் காரின் எஞ்சினைப் பெரிதாக்கக் கிளம்புகிறவர்கள் முதலில் தேடி அலைவது ஒரு டீசல் காரின் கிராங்க் ஷாஃப்டை, அதாவது பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டை. டட்சன் என்ற பெயரில் கார் விற்றது நிசான்தான். 1980களின் தொடக்கத்தில் அது தன் மாக்சிமா காரில் எல்டி28 என்ற ஆறு சிலிண்டர் டீசல் எஞ்சினை வைத்தது. 240 இசட்டின் பெட்ரோல் எஞ்சினுக்கு அது பங்காளி முறை. அதன் கிராங்க் பிஸ்டனை 83 மில்லிமீட்டர் மேலும் கீழும் ஓட்டும். 240 இசட்டின் சொந்தக் கிராங்க் ஓட்டுவது 73.7 மில்லிமீட்டர்தான். பின்னால் வந்த 280 இசட்டின் எல்28 எஞ்சினின் பிளாக்கை (சிலிண்டர்கள் இருக்கும் அடிப்பகுதி) எடுத்து, 86 மில்லிமீட்டர் சிலிண்டரை 89க்கு ரீபோர் செய்து, அதாவது கடைந்து அகலமாக்கி, இந்த டீசல் கிராங்கைப் போட்டால், 2393 சிசி எஞ்சின் இருந்த இடத்தில் 3098 சிசி எஞ்சின் வந்து உட்கார்ந்துவிடும். ரீபோருக்கு முன் சிலிண்டர் சுவரின் தடிமனை அல்ட்ராசோனிக் கருவியால் அளந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் ஒரு நல்ல பிளாக் பழைய இரும்புக் கடைக்குப் போகும்.

240 இசட் 1969ல் ஜப்பானில் வெளிவந்த கார். 1971லும் 1973லும் கிழக்கு ஆப்பிரிக்க சஃபாரி ராலியை வென்றது. இரண்டாவது முறை ஓட்டியவர் இந்திய வம்சாவளியைச் சேர்ந்த சேகர் மேத்தா. (டட்சன் என்றால் நம் ஊரில் ஒரகடத்தில் செய்த சின்ன 'கோ' கார்தான் பலருக்கு ஞாபகம் வரும். பெயர் அதேதான், பிறவி வேறு.)

சரி, பிளாக்கும் கிராங்கும் ஆயிற்று. மேலே எந்த சிலிண்டர் ஹெட்டை மாட்டுவது? நிசான் இந்த எல் வரிசை எஞ்சின்களுக்குப் பல ஹெட்களை வார்த்தது. ஒவ்வொன்றிலும் ஈ31, என்42, பி90 என்று வார்ப்போடு வார்ப்பாக எண் இருக்கும். பெரும்பாலும் எதை எடுத்தாலும் போல்ட் துளைகள் பொருந்திவிடும். பொருந்துவதாலேயே நிறையப் பேர் தப்பாக மாட்டிவிடுகிறார்கள்.

ஹெட் என்பது சும்மா ஒரு மூடி என்று நினைத்தால், ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். 240 இசட்டின் ஒரு சிலிண்டரில் பிஸ்டன் தள்ளும் அளவு 399 சிசி. பிஸ்டன் உச்சிக்கு வந்தபின் அதன் தலைக்கு மேல் மிஞ்சும் இடம் சுமார் 50 சிசி. மொத்தம் 449 சிசி காற்று 50 சிசிக்குள் நசுங்குகிறது. விகிதம் ஒன்பதுக்கு ஒன்று. இதைத்தான் மெக்கானிக்குகள் கம்ப்ரஷன் என்கிறார்கள். இப்போது சிலிண்டர் 516 சிசி ஆகிவிட்டது. மேலே மிஞ்சும் இடம் அதே 50 என்றால் விகிதம் பதினொன்றைத் தாண்டிவிடும். ஹெட்டை யாரும் தொடவே இல்லை, கம்ப்ரஷன் தானாக ஏறிவிட்டது.

ஏறினால் நல்லதுதானே? ஓரளவுக்கு. அதிகம் நசுக்கினால் அதே பெட்ரோலிலிருந்து அதிக வேலை கிடைக்கும். ஆனால் பாடப்புத்தகக் கணக்கின்படி ஒன்பதிலிருந்து பத்துக்குப் போனால் செயல்திறன் 58.5 சதவீதத்திலிருந்து 60.2க்கு ஏறுகிறது, பன்னிரண்டு வரை தள்ளினாலும் 63தான். லாபம் சுருங்கிக்கொண்டே போக, ஆபத்து வளர்ந்துகொண்டே போகிறது. பிளக் பற்றவைத்த தீ ஒரு பக்கத்திலிருந்து பரவிக்கொண்டிருக்கும்போது, எதிர்மூலையில் மிஞ்சியிருக்கும் கலவை அழுத்தத்திலும் சூட்டிலும் தானே வெடித்துவிடும். பைக்கில் இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு டாப் கியரிலேயே மேட்டில் ஏறும்போது கடகடவென்று ஒரு சத்தம் கேட்குமே, அதுதான் நாக்கிங். அது நீடித்தால் பிஸ்டன் தாங்காது.

ஹெட்களை இந்தக் கண்ணோடு பாருங்கள். முதல் 240 இசட்களில் வந்த ஈ31ன் எரிஅறை, அதாவது கலவை எரிய ஹெட்டின் அடியில் இருக்கும் பள்ளம், 42.4 சிசி. 1975ல் 280 இசட்டோடு வந்த என்42ல் 44.6. 1981ன் டர்போ காருக்காக வார்த்த பி90ல் 53.6. ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே வைக்கும் கேஸ்கட்டின் தடிமனால் கொஞ்சம் இடம் கூடும். பிளாக்கைத் தாண்டி அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல் எட்டிப் பார்க்கும் தட்டைத்தலை பிஸ்டனால் கொஞ்சம் குறையும். இரண்டும் சேர்த்து நாலு சிசி கூட்டிக்கொண்டால், நம் 3.1 லிட்டர் எஞ்சினுக்கு ஈ31 தருவது 12.1, என்42 தருவது 11.6. பி90 தருவது கிட்டத்தட்ட சரியாக 10.

டர்போ எஞ்சினுக்கு நிசான் வேண்டுமென்றே கம்ப்ரஷனை 7.4 என்று தாழ்த்தி வைத்திருந்தது. டர்போவே முதலில் காற்றை நசுக்கி அனுப்புவதால், உள்ளே அதிகம் நசுக்க வேண்டாம் என்று. அந்த ஹெட்தான், டர்போவே இல்லாத இந்தப் பெரிய எஞ்சினில், பம்ப்பில் கிடைக்கும் பெட்ரோலுக்கு ஏற்ற ஹெட்டாக வந்து நிற்கிறது. ஈ31க்கோ பழைய ஹெட், அரிய ஹெட் என்று ஒரு மவுசு உண்டு. சின்ன எஞ்சினில் அது அருமையான ஹெட், மறுக்கவில்லை. 3.1க்கு அதை மாட்டுவது பெயருக்காகச் செய்கிற காரியம் என்பது என் எண்ணம்.

எரிஅறையின் கொள்ளளவோடு விஷயம் முடிவதில்லை, வடிவமும் பேசும். என்42ல் அறை திறந்த கிண்ணம் மாதிரி, சிலிண்டர் வாயளவுக்கு விரிந்திருக்கும். பி90ல் ஒரு பக்கம் தட்டையாக மூடியிருக்கும். பிஸ்டன் உச்சிக்கு வரும்போது அந்தத் தட்டைப் பகுதியில் சிக்கும் கலவை, சப்பாத்தி மாவை இரண்டு பலகைக்கு நடுவே அழுத்தியது போலப் பிதுங்கி, பிளக் இருக்கும் பக்கம் பாயும். கலவை சுழன்று தீ வேகமாகப் பரவும். எதிர்மூலையில் வெடிக்கக் காத்திருக்கும் மிச்சமும் குறையும். ஆனால் உச்சியில் பிஸ்டனுக்கும் அந்தத் தட்டைப் பகுதிக்கும் நடுவே இடைவெளி ஒரு மில்லிமீட்டர் அளவில் இருக்க வேண்டும். இரண்டு மில்லிமீட்டர் ஆனால் பலன் பெரும்பாலும் போய்விடும்.

இனி மூச்சு. கல்யாண மண்டபத்தைப் பெரிதாக்கிவிட்டு வாசலை மட்டும் பழையபடி விட்டால் என்ன ஆகும்? கூட்டம் வாசலிலேயே நெரியும். கலவையை உள்ளே விடும் இன்டேக் வால்வ் ஈ31ல் 42 மில்லிமீட்டர் விட்டம். பழைய எஞ்சின் நிமிடத்துக்கு 6000 சுற்றில் ஓடும்போது அந்த வால்வ் வாய் வழியாகக் காற்றின் சராசரி வேகம் விநாடிக்குச் சுமார் 58 மீட்டர். 3.1 எஞ்சினில் அதே வால்வ், அதே 6000 சுற்று என்றால் வேகம் 75 மீட்டரை நெருங்குகிறது. வேகம் ஏற ஏற உராய்வில் அழுத்தம் வீணாகி, சிலிண்டர் அரைவயிற்றோடு எழுந்துவிடும். திருப்பிச் சொன்னால், பழைய எஞ்சின் 6000ல் உணர்ந்த நெரிசலைப் புதியது 4600லேயே உணரும். அதற்குமேல் ஆக்ஸிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் சத்தம்தான் கூடும்.

என்42, பி90 இரண்டிலும் இன்டேக் வால்வ் 44 மில்லிமீட்டர். இரண்டு மில்லிமீட்டர் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றும். பரப்பில் பத்து சதவீதம் கூடுகிறது. நெரிசல் தொடங்கும் இடம் 5100 சுற்று வரை தள்ளிப் போகிறது. சிலிண்டர் 89 ஆனதில் இன்னொரு லாபமும் உண்டு. குறுகலான சிலிண்டரில் வால்வின் ஓரம் சுவரை ஒட்டியே திறக்கும், அந்தப் பக்கம் காற்று புக வழியில்லை. சுவர் விலகியதும் வால்வின் முழுச் சுற்றளவும் பயன்படும்.

அதற்காக உளியும் கிரைண்டருமாக இன்டேக் வழியை முழுக்கக் குடைந்துவிடக் கூடாது. வழி ரொம்ப அகலமானால் குறைந்த சுற்றில் காற்று சோம்பிவிடும். பெட்ரோல் துளிகள் மிதக்காமல் சுவரில் படியும். டிராஃபிக்கில் கார் முக்கும். வால்வ் மூடும்போது வந்து உட்காரும் வால்வ் சீட்டுக்கு அடியில் இருக்கும் ஒரு விரற்கடை இடத்தைச் சீராக்கினாலே பலன் தெரியும்.

கம்ப்ரஷன் பத்து போதாது, வால்வ்களைத் திறக்கும் கேம் ஷாஃப்டும் பந்தயத்துக்கானது என்றால் பி90ன் அடிப்பரப்பை இரண்டு மில்லிமீட்டர் வரை ஃபேஸிங் போட்டு, அதாவது மெஷினில் சீவி, அறையைச் சுருக்குகிறவர்கள் உண்டு. பந்தயக் கேம் இன்டேக் வால்வைத் தாமதமாக மூடுவதால் நசுக்கலின் ஒரு பகுதி திரும்பி வெளியே போய்விடும். அதை ஈடுகட்டத்தான் இது. ஆனால் இந்த எஞ்சினில் கேம் ஷாஃப்ட் ஹெட்டின் மேலேயே இருக்கிறது. ஹெட் இரண்டு மில்லிமீட்டர் தாழ்ந்தால் கேமும் தாழும், கேமைச் சுழற்றும் டைமிங் செயின் தொளதொளக்கும், வால்வ் திறக்கும் நேரமும் பிந்தும். கேமைத் தாங்கும் ஐந்து தூண்களுக்கு அடியிலும் அதே தடிமனில் ஷிம் என்ற தகடு கொடுத்துத் தூக்க வேண்டும். தூக்கினால் கேமின் அசைவை வால்வுக்குக் கடத்தும் ராக்கர் உராயும் தடம் நகரும், அதற்கு வால்வ் தண்டின் முனையில் வைக்கும் சின்னப் பேடை மாற்ற வேண்டும். ஒரு நூலை இழுத்தால் முழுப் புடவையும் கூட வருகிற கதை.

எந்த ஹெட்டைத் தேர்ந்தாலும் புத்தகத்தில் அச்சிட்ட சிசி அளவை நம்பாமல் அளப்பதுதான் நல்ல மெக்கானிக்கின் வழக்கம். ஐம்பது வருட ஹெட். நடுவில் யார் யார் ஃபேஸிங் போட்டார்களோ. ஹெட்டைக் கவிழ்த்து வைத்து, வால்வ் சீட்டுகளில் கிரீஸ் தடவி, பிளக்கை மாட்டி, அறையின் விளிம்பிலும் கிரீஸ் பூசி, நடுவில் துளை போட்ட கண்ணாடி போன்ற அக்ரிலிக் தகட்டை மேலே அழுத்துவார்கள். பள்ளி ஆய்வகத்தில் பார்த்த அதே பியூரெட்தான். நிறம் கலந்த திரவம் துளி துளியாக இறங்கி, தகட்டின் அடியில் கடைசிக் காற்றுக்குமிழி துளை வழியாக வெளியேறும்போது குழாயை மூடி அளவைப் படிப்பார்கள். அப்புறம் துடைத்துவிட்டு அடுத்த அறை. ஆறிலும் பெரியது எது என்று பார்த்து, மற்ற ஐந்தையும் அதன் அளவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்துக் கொண்டுவருவார்கள். அரை சிசிக்காக ஒரு மதியம் போய்விடும்.