டென்-2 எல்லா ஊரிலும் ஒரே டென்-2 இல்லை

டெங்கு இரண்டாவது முறை வந்தால்தான் ஆபத்து அதிகம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். பெரும்பாலும் சரிதான். டெங்கு வைரஸில் டென்-1 முதல் டென்-4 வரை நான்கு வகைகள் உண்டு. ஒரு வகை வந்துபோனால் அந்த வகைக்கு எதிராக நீண்டகாலப் பாதுகாப்பு கிடைக்கிறது. ஆனால் அப்போது உருவான ஆன்டிபாடிகள் என்னும் எதிர்ப்புப் புரதங்கள், வேறு வகை உள்ளே நுழையும்போது அதன்மேல் அரைகுறையாக ஒட்டுகின்றன, அதை முடக்குவதில்லை. ஆன்டிபாடி ஒட்டிய வைரஸை மோனோசைட், மேக்ரோபேஜ் போன்ற காவல் செல்களே உள்ளே இழுத்துக்கொள்கின்றன. அங்கேயே அது பெருகுகிறது. கியூபாவில் 1977இல் டென்-1 பரவியது. 1981இல் டென்-2 வந்தபோது சுமார் 3.44 லட்சம் பேர் நோயுற்றார்கள், 158 பேர் இறந்தார்கள்.

இந்தக் கணக்குப்படி பார்த்தால், பெரு நாட்டின் இக்கிடோஸ் நகரில் 1995இல் பெரும் துயரம் நடந்திருக்க வேண்டும். அமேசான் காட்டுக்குள் இருக்கும் அந்த நகரத்தில் 1990 முதல் டென்-1 பரவியிருந்தது. ஐந்தாண்டு கழித்து டென்-2 வந்தது. பல்லாயிரம் பேருக்கு அது இரண்டாவது தொற்று. காய்ச்சல் வந்தது, உடல்வலி வந்தது. ஆனால் ரத்தக்கசிவு, அதிர்ச்சிநிலை என்று எதிர்பார்த்த கடும் டெங்கு தென்படவே இல்லை.

வேறுபாடு வைரஸின் மரபெழுத்துகளில் இருந்தது. டெங்கு வைரஸின் மரபுத்தொகுதி ஏறக்குறைய 10,700 எழுத்துகள் கொண்ட ஒற்றை ஆர்என்ஏ இழை. அதை நகலெடுக்கும் நொதிக்குப் பிழைதிருத்தும் திறன் இல்லாததால், நகலெடுக்கும்போதெல்லாம் எழுத்துகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. அப்படித்தான் ஒரே டென்-2க்குள்ளும் பல மரபுக்கிளைகள் பிரிந்தன. இக்கிடோஸில் பரவியது அமெரிக்கக் கிளை. கியூபாவைத் தாக்கியது ஆசிய வழியில் வந்தது. தென்கிழக்காசியக் கிளையை அமெரிக்கக் கிளையோடு ஒப்பிட்டபோது, வைரஸின் மேலுறைப் புரதத்தில் 390ஆம் இடத்து அமினோ அமிலம், அதாவது புரதச் சங்கிலியின் ஒரு கண்ணி, மாறியிருந்தது. மரபிழையின் இரு முனைகளிலும் வேறுபாடுகள் இருந்தன. மனித மேக்ரோபேஜ் செல்களில் ஆசியக் கிளை வேகமாகப் பெருகுவதும் ஆய்வகத்தில் தெரிந்தது.

இன்னொன்றும் தெரியவந்தது. இக்கிடோஸ் மக்களிடம் டென்-1ஆல் உருவாகியிருந்த ஆன்டிபாடிகள் அமெரிக்கக் கிளை டென்-2ஐ நன்றாகவே முடக்கின, ஆசியக் கிளையை அந்த அளவுக்கு முடக்கவில்லை. அதாவது வைரஸின் எழுத்து மாறியபோது, அதே ஆன்டிபாடி தரும் பாதுகாப்பின் அளவும் மாறிவிட்டது. 2010 கடைசியில் ஆசிய வழிவந்த டென்-2 அதே இக்கிடோஸுக்குள் நுழைந்தது. இந்த முறை கடும் டெங்கு நோயாளிகளால் மருத்துவமனைகள் நிரம்பின.

மரபிழையின் முனை என்றேனே, அங்கே நடப்பதுதான் எனக்கு மிகவும் வியப்பூட்டுகிறது. அந்தப் பகுதி எந்தப் புரதத்தையும் உருவாக்குவதில்லை. நம் செல்லில் வேண்டாத ஆர்என்ஏவை ஒரு முனையிலிருந்து அரித்துக்கொண்டே போகும் நொதி ஒன்று இருக்கிறது. வைரஸின் கடைசிப் பகுதி முடிச்சு முடிச்சாக மடிந்திருப்பதால் அங்கே அது நின்றுவிடுகிறது. அரிபடாமல் மிஞ்சும் துண்டு வீணாவதில்லை. 1994இல் புவேர்ட்டோ ரிக்கோவில் புதிய டென்-2 கிளையொன்று பழையதைத் தள்ளிவிட்டுப் பரவியது. அதன் முனையில் ஒருசில எழுத்துகளே மாறியிருந்தன. ஆனால் அது இந்த மிச்சத் துண்டை அதிகமாக உண்டாக்கியது. அந்தத் துண்டு ட்ரிம்25 என்ற மனிதப் புரதத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. ட்ரிம்25 வேலை செய்யாவிட்டால் இன்டர்ஃபெரான் என்னும் முதல் எச்சரிக்கை மங்கிப்போகும். உடல் விழிப்பதற்குள் வைரஸ் பெருகிவிடுகிறது. கடும் டெங்கு நோயாளிகளின் ரத்தத்தில் வைரஸ் அளவு, லேசான நோயாளிகளைவிட 100 முதல் 1000 மடங்கு வரை கூட இருந்ததைத் தாய்லாந்து ஆய்வொன்று காட்டியது. அதை வைத்துப் பார்த்தால் இந்தச் சில எழுத்துகளின் கனம் புரியும்.

அப்புறம் என்எஸ்1. டெங்கு சோதனையில் தேடுகிறோமே, அதே புரதம்தான். தொற்றிய செல்கள் இதை ரத்தத்தில் விடுகின்றன. ரத்தக்குழாயின் உட்பூச்சை இது சிதைப்பதால் குழாய் கசிகிறது. கடும் டெங்குவில் உயிருக்கு உலை வைப்பது பெரும்பாலும் இந்தக் கசிவுதான். 1997இல் கியூபாவின் சாண்டியாகோ நகரில் டென்-2 பரவியபோது, நாள் செல்லச் செல்ல நோயின் கடுமை கூடியது. என்எஸ்1இன் 164ஆம் இடத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியிருந்தது. அந்த ஒரு மாற்றத்தை மட்டும் புகுத்திய வைரஸ் எலிகளிலும் நோயைக் கடுமையாக்கியது.

இதை வைத்து 'கொடிய டெங்கு', 'சாதுவான டெங்கு' என்று வைரஸ்களைப் பிரித்துவிடத் தோன்றும். அது சரியாக வராது. நிகராகுவாவின் மனாகுவாவில் குழந்தைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தபோது, நோயின் கடுமை கூடியதற்குப் புதிய டென்-2 கிளை மட்டும் காரணமாக இருக்கவில்லை. அந்தக் குழந்தைக்கு முன்பு எந்த வகை வந்திருந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தபோதுதான் விளக்கம் கிடைத்தது. வைரஸின் கிளையும் உடலின் பழைய நினைவும் சேர்ந்தே கடுமையைத் தீர்மானிக்கின்றன.

அதனால் வழக்கமான சோதனைகள் போதவில்லை. என்எஸ்1 சோதனை டெங்குவா இல்லையா என்று சொல்லும். வகை அறியும் சோதனை டென்-2 என்று சொல்லும். எந்தக் கிளை என்பதை முழு மரபிழையையும் படித்தால்தான் அறியலாம். அதையும் தீவிர சிகிச்சையில் இருப்பவர்களிடம் மட்டும் எடுத்தால் பயனில்லை. லேசான காய்ச்சலோடு வந்து போனவர்களின் வைரஸையும் அதே பருவத்தில், அதே ஊரில் எடுத்துப் படித்தால்தான் எந்த எழுத்து வேறுபடுகிறது என்று ஒப்பிட முடியும்.