காப்பாட்சியரும் தொழிலாளிதான்

போன வாரம் ஒரு அருங்காட்சியகத்திலிருந்து நான்கு பேர் என்னிடம் வந்தார்கள். சேகரிப்புக்குப் பொறுப்பான ஒரு காப்பாட்சியர், பழம்பொருள் பேணும் ஆய்வகத்தில் வேலை செய்பவர், வழிகாட்டி, காட்சியறைக் காவலர். ஆறு மாதமாகத் தனித்தனியே இயக்குநரைப் பார்த்துப் பேசியிருக்கிறார்கள். என் மேசையில் உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, நால்வருக்கும் அதே வாக்குறுதி: "அடுத்த பட்ஜெட்டில் உங்களை மட்டும் கவனிக்கிறேன், வெளியில் சொல்லாதீர்கள்." எழுத்தில் ஒரு வரி கிடையாது. இதே கதையோடு இந்த வருடம் என்னிடம் வந்த மூன்றாவது கோப்பு இது.

"சங்கம் வைத்துச் சேர்ந்து பேசியிருக்கலாமே?" என்றேன். "மேடம், நாங்க தொழிலாளிகள் இல்லையே" என்றார் ஆய்வகக்காரர். கரைப்பான் பட்டுப் பட்டு அவருடைய விரல் நுனிகள் வெடித்திருந்தன.

எனக்கு எரிச்சல் வருவது இந்த இடத்தில்தான். முதுகலைப் பட்டம் இருக்கிறது, வெள்ளைக் கையுறை போடுகிறோம், ஆயிரம் வருடச் சிலையைத் தொடுகிறோம், அதனால் இது சேவை என்று ஒரு நினைப்பு. சேவைதான், யார் மறுத்தார்கள்? மாதக் கடைசியில் சம்பளம் வருகிறதா? வேலை நேரத்தை இன்னொருவர் தீர்மானிக்கிறாரா? விடுப்புக்கு மேலே கையெழுத்து வேண்டுமா? அப்படியானால் நீங்கள் ஊழியர். செவிலியருக்கும் ஆசிரியருக்கும் வேலைமேல் பிரியம் இல்லையா? அவர்கள் சங்கம் வைத்ததால் அந்தப் பிரியம் குறைந்துபோயிற்றா? ஆட்களை அமர்த்தவும் நீக்கவும் அதிகாரம் உள்ள மேலாளர் நிலை வேறு. பல நாட்டுச் சட்டங்கள் அவர்களைத் தனியே வைக்கின்றன. ஆனால் 'காப்பாட்சியர்' என்ற பெயர்ப்பலகை மட்டும் யாரையும் நிர்வாகமாக்கிவிடாது.

இது புதுசும் இல்லை. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் தொழில்முறை, நிர்வாகப் பிரிவு ஊழியர்கள் 1971-லேயே சங்கம் அமைத்தார்கள். அதே இடத்தில் 2000-இல் நடந்த வேலைநிறுத்தம் 134 நாள் நீடித்தது. பிலடெல்பியா கலை அருங்காட்சியக ஊழியர்கள் 2022-இல் 19 நாள் வெளியே நின்றுதான் முதல் ஒப்பந்தத்தை வாங்கினார்கள். உடனே "ஐயோ, ஸ்டிரைக்கா?" என்று பதறாதீர்கள். பெரும்பாலான ஒப்பந்தங்கள் மேசையிலேயே முடிகின்றன, அவை செய்தியாவதில்லை.

பேசுவதற்குச் சம்பளம் மட்டும்தான் இருக்கிறது என்றும் நினைக்காதீர்கள். பாடம் செய்த பழைய விலங்கு, பறவைகளில் ஆர்சனிக் என்ற நஞ்சு இருக்கக்கூடும். அவற்றைப் பரிசோதிப்பது, கையுறை, காற்றோட்டம், பயிற்சி எல்லாமே பேரத்துக்குரியவை. அன்றைக்கு ஒரு மணி நேரம் வாயே திறக்காத காவலர், எழுந்து போகும்போது கேட்டது ஒரு நாற்காலி. நாள் முழுக்க நின்றபடியே வேலை. அதையும் எழுதிக்கொண்டேன்.

அரசு அருங்காட்சியகம் என்றால் உரிமையே இல்லை என்பது இன்னொரு கட்டுக்கதை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1949-ஆம் வருட 98-ஆவது உடன்படிக்கை, அரசு நிர்வாகத்தை நடத்தும் அதிகாரிகளைத்தான் விலக்குகிறது. சிலைக்குத் தூசி தட்டுகிறவர் அரசாங்கத்தையா நடத்துகிறார்? ஆனால் உங்கள் நாடு அதை ஏற்றிருக்கிறதா, உள்ளூர்ச் சட்டம் என்ன என்று முதலில் பாருங்கள். சங்கடங்கள் உண்டு. அமெரிக்காவில் தொழிலுறவுச் சட்டத்துக்கு 1947-இல் வந்த திருத்தத்தின்படி, சட்டம் காவலர் என்று கருதுபவர்களுக்கு, மற்ற ஊழியர்களையும் சேர்த்துக்கொள்ளும் சங்கத்தைத் தொழிலுறவு வாரியம் பிரதிநிதியாகச் சான்றளிக்காது. இது தெரியாமல் மனுப் போட்டு, மாதக்கணக்கில் இழுபட வேண்டாம்.

தயவுசெய்து தனியாகப் போய்ப் பேசாதீர்கள். போய்விட்டீர்களா, அன்று மாலையே தேதி போட்டு, நடந்ததை மின்னஞ்சலில் இயக்குநருக்கே அனுப்புங்கள். சங்கப் பேச்சை அலுவலகக் கணினியில் வைத்துக்கொள்ளாதீர்கள், எத்தனை முறை சொல்வது! ஒருவருக்கொருவர் சம்பளத்தைச் சொல்லுங்கள். 2019-இல் அருங்காட்சியக ஊழியர்கள் இணையத்தில் ஒரு பொது அட்டவணையில் தங்கள் சம்பளத்தைப் பதிந்தபோதுதான் பலருக்குத் தாங்கள் நிற்கும் இடமே தெரிந்தது. ஆனால் அதற்கு உங்கள் ஊர்ச் சட்டத்தில் பாதுகாப்பு உண்டா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். ஒப்பந்தப் பணியாளர்களையும் கூட்டத்துக்குக் கூப்பிடுங்கள்.

கோபத்தில், சேகரிப்பைக் காக்கும் ஈரப்பதக் கருவியை அணைத்துவிட்டு வெளியேறும் யோசனை யாருக்காவது இருந்தால், என்னிடம் வராதீர்கள். வேலைநிறுத்தம் என்றே ஆனாலும், சேகரிப்பை யார் கவனிப்பது என்பதை முன்னதாகவே நிர்வாகத்தோடு எழுதி முடித்துவிட வேண்டும்.

நால்வரும் திங்கட்கிழமை மறுபடி வருகிறார்கள். இன்னும் பதினொரு பேரோடு.