படம் பார்த்துவிட்டு என்னிடம் கேட்கும் கேள்வி

பழைய கொலை வழக்கை வைத்து ஒரு பீரியட் படம் வந்துவிட்டால் போதும், என் வக்கீல் ஆபீசுக்கு வருகிறவர்கள் தங்கள் கேஸ் கட்டை மேஜையில் வைத்துவிட்டு, "சார், நிஜமாவே அவங்கதான் செஞ்சாங்களா?" என்று ஆரம்பித்துவிடுவார்கள். லட்சுமிகாந்தன் கொலை வழக்கு பற்றித்தான் அதிகம் கேட்பார்கள்.

நடிகர்களைப் பற்றிக் கிசுகிசு எழுதிவந்த பத்திரிகைக்காரர் லட்சுமிகாந்தன், 1944 நவம்பர் 8-ம் தேதி சென்னை வேப்பேரியில் கத்தியால் குத்தப்பட்டு மறுநாள் இறந்தார். நடிகர்கள் தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் கைதானார்கள். ஜூரி குற்றவாளிகள் என்றது, ஆயுள் தண்டனை. ஊர் பேசுவது இதோடு முடிந்துவிடுகிறது. அப்புறம் வழக்கு, அன்றைக்குக் கடைசி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனதும், அப்பீலை மறுபடி விசாரிக்கும்படி திரும்பி வந்ததும், 1947-ல் சென்னை உயர் நீதிமன்றம் இருவரையும் விடுதலை செய்ததும் பலருக்குத் தெரியாது. அரசுத் தரப்பு பெரிதும் நம்பியது அப்ரூவர் சாட்சியத்தை. தானும் கூட்டாளிதான் என்று சொல்லித் தப்பிக்கிறவன் பேச்சை வேறு சாட்சியங்களும் தாங்க வேண்டும், தனியாக அதை மட்டும் வைத்து ஒருவரை உள்ளே தள்ளுவது ஆபத்து என்றுதான் நீதிமன்றங்கள் அன்றும் இன்றும் சொல்கின்றன.

இன்னொன்று, "குற்றத்தை ஒப்புக்கொண்டார்" என்று வரும் செய்தி. போலீசிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை அவருக்கு எதிராக நிரூபிக்க முடியாது. பழைய சாட்சியச் சட்டத்தில் 25-வது பிரிவு, 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டத்தில் 23. அவர் சொன்னதை வைத்துக் கத்தியோ நகையோ கண்டெடுக்கப்பட்டால், அது சம்பந்தப்பட்ட பகுதி மட்டும் செல்லும். விசாரணையில் நீங்கள் சொல்வதைப் போலீஸ் எழுதிக்கொண்டால் அதில் உங்கள் கையெழுத்து வாங்கக் கூடாது என்பதும் சட்டம்தான். வெற்றுத் தாளில் போட்டுக்கொடுத்துவிட்டு வந்து அழுதவர்களை நிறையப் பார்த்துவிட்டேன், தயவுசெய்து போடாதீர்கள்.

என் கட்சிக்காரர் ஒரு பையன், கைதான மறுநாளே இப்படி "ஒப்புக்கொண்டார்" என்று செய்தி வந்தது. பல வருஷம் கழித்து விடுதலையானான். அது செய்தியாகவில்லை. அவன் அம்மா தீர்ப்பு நகலைப் பாலிதீன் கவரில் போட்டு வைத்திருக்கிறார். வாடகைக்கு வீடு பார்க்கப் போகும்போதெல்லாம் கையோடு எடுத்துப் போகிறார், வீட்டுக்காரர் போனில் பழைய செய்தியைத் தேடி எடுப்பதற்குள் காட்டிவிட வேண்டுமென்று.