ரெக்லமேஷன்: எதை மீட்கிறோம்?

குவாரிக்கு அனுமதி கேட்கும்போது இரண்டு திட்டங்களைக் கொடுக்க வேண்டியிருக்கும். எப்படித் தோண்டுவோம் என்பது ஒன்று. தோண்டி முடித்தபின் இடத்தை என்ன செய்வோம் என்பது மற்றது. இந்த இரண்டாவதுதான் ‘ரெக்லமேஷன்’ திட்டம். தமிழில் எழுதும்போது நில மீட்பு, மறுசீரமைப்பு, புனரமைப்பு என்று ஒரே கட்டுரைக்குள் மாற்றி மாற்றிப் போட்டுவிடுகிறோம். மூன்றும் ஒன்றல்ல.

வேர் லத்தீன். ‘ரெ’ என்றால் எதிராக, திரும்ப. ‘க்லாமாரே’ என்றால் கத்துவது. எதிர்த்துக் குரல் எழுப்புவதே பழைய பொருள். ஸ்பானிய மொழியில் ‘ரெக்லமாசியோன்’ இன்றைக்கும் புகார்தான். (குவாரி பற்றிய கருத்துக்கேட்புக் கூட்டத்தில் உட்கார்ந்தவர்களுக்கு இது வியப்பாக இருக்காது.) பழைய பிரெஞ்சு வழியே ஆங்கிலத்துக்குப் போனபோது, பறக்கவிட்ட வேட்டைப் பறவையைக் கூவி அழைத்துக் கைக்கு வரவைப்பதைக் குறித்தது. அதிலிருந்து பழக்குவது, அடக்குவது என்று பொருள் விரிந்தது. 18ஆம் நூற்றாண்டில் தரிசைப் பழக்கி விளைநிலமாக்குவதற்கும் இதையே சொன்னார்கள். கடலைத் தூர்த்து நிலமாக்குவதும் ரெக்லமேஷன்தான். அது வேறு கதை.

நம் ‘மீட்பு’ம் இதற்குச் சளைத்ததல்ல. மீள்வது தானாகத் திரும்புவது. மீட்பது ஒருவர் முயன்று திருப்புவது. பகைவர் கவர்ந்த ஆநிரையைக் கரந்தைப் பூச்சூடிப் போய் ஓட்டிவந்ததும் மீட்பு, அடகு வைத்த நகையைப் பணம் கட்டித் திருப்புவதும் மீட்பு. யாரோ எடுத்தார்கள், யாரோ திருப்பித் தர வேண்டும் என்ற கணக்கு இந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. ‘மறுசீரமைப்பு’ என்றதும் அந்தக் கணக்கு காணாமல் போகிறது. கட்சியையும் வங்கிக் கடனையும்கூட மறுசீரமைக்கிறார்களே! ‘புனரமைப்பு’ கட்டடத்துக்குப் பொருந்தும், குழிக்குப் பொருந்தாது.

ஆனால் ‘நில மீட்பு’ என்று மொட்டையாக எழுதினால் இரண்டு சிக்கல். செய்தித்தாள் படிப்பவருக்கு அது ஆக்கிரமிப்பை அகற்றியதாகத்தான் தோன்றும். அடுத்தது பெரியது: அடகு நகை அப்படியே திரும்பி வரும், குவாரி நிலம் வராது. கல் லாரி ஏறிப் போய்விட்டது. முன்பிருந்த நிலைக்கே கொண்டுபோவதற்கு ‘ரெஸ்டோரேஷன்’ என்று வேறு சொல் இருக்கிறது; குவாரிக்காரர் பொதுவாக அந்த வாக்கைக் கொடுப்பதில்லை. மேய்ச்சலுக்கோ காட்டுக்கோ ஏரிக்கோ ஆகும்படி விட்டுப்போகிறேன் என்பதுதான் அவர் தரும் வாக்கு. 1975 முதல் நடப்பிலுள்ள நியூயார்க் மாநிலச் சட்டம் தோண்டும் திட்டம், மீட்புத் திட்டம் இரண்டையும் சேர்த்து ‘தோண்டிய நிலத்தின் பயன்பாட்டுத் திட்டம்’ என்றே பெயரிட்டிருக்கிறது. ஆகவே என் பரிந்துரை ‘நிலப்பயன் மீட்பு’. கொஞ்சம் நீளம்தான், ஆனால் பொய் சொல்லாது.

சுற்றுச்சூழல் ஆய்வில் இரண்டு திட்டங்களையும் அருகருகே வைத்துப் படிக்க வேண்டும். மேல்மண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். விதையும் வேரும் நுண்ணுயிரும் வாழ்கிற அந்த மெல்லிய அடுக்கை முதலில் வழித்துத் தனியே குவிக்க வேண்டும். அடியில் வரும் கழிவு மண்ணோடு கலந்துவிட்டால் பிறகு பிரிக்க வழியில்லை. உயரமாகக் குவித்து ஆண்டுக்கணக்கில் விட்டால் உள்ளே காற்றுப் புகாமல் மண் செத்துப்போகும். மீட்புத் திட்டம் ‘மேல்மண் பரப்பிப் புல் விதைக்கப்படும்’ என்கிறது. தோண்டும் திட்டத்தின் வரைபடத்தில் மேல்மண் குவியலுக்கு இடமே காட்டவில்லை. அப்படியானால் அந்தப் புல் காகிதத்தில்தான் முளைக்கும். நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே தோண்டினால், பம்பை நிறுத்திய நாளிலிருந்து குழியில் நீர் ஏறும். கடைசிப் படத்தில் அங்கே புல்வெளி வரைந்திருந்தால் அதையும் கேட்க வேண்டும். ஒரு பகுதியில் வெட்டு முடிந்ததும் அதை உடனே சரிசெய்துகொண்டே அடுத்ததற்கு நகர்வதற்குப் ‘படிப்படியான மீட்பு’ என்று பெயர். எல்லாவற்றையும் கடைசி ஆண்டுக்குத் தள்ளும் திட்டத்தை நான் நம்பமாட்டேன்.

இன்னொரு மீட்பும் உண்டு. பல சட்டங்களில் முதல் வெட்டுக்கு முன்பே நிறுவனம் ஈட்டுத்தொகையோ வங்கி உத்தரவாதமோ கொடுத்தாக வேண்டும். பாதியில் கைவிட்டுப் போனால் அந்தப் பணத்தில் அரசு வேலையை முடிக்கும். ஒழுங்காக முடித்தால், சரிவு சரியாமல் நிற்கிறது, செடி வேர்பிடித்திருக்கிறது என்று ஆய்வாளர் நேரில் பார்த்துச் சொன்ன பிறகு, நிறுவனம் தன் ஈட்டை மீட்டுக்கொள்ளும்.