பகுத்தறிதல்: 'டிசர்ன்மென்ட்' என்பதற்கு உரிய தமிழ்ச்சொல் எது?

சபைகளில் 'டிசர்ன்மென்ட்' என்ற சொல் அடிக்கடி காதில் விழுகிறது. "அந்தப் பிரசங்கியாரைப் பார்த்ததுமே எனக்கு டிசர்ன்மென்ட் வந்துவிட்டது" என்பார் ஒருவர். "உனக்கு டிசர்ன்மென்ட் இல்லை, சும்மா இரு" என்று கேள்வி கேட்பவரின் வாயை அடைப்பார் இன்னொருவர். முதலாமவருக்கு அது ஒரு மன உறுத்தல். இரண்டாமவருக்கோ சிலருக்கு மட்டுமே வாய்த்த தனி அதிகாரம். இரண்டுமே வேதாகமம் சொல்லும் பொருளிலிருந்து வெகுதூரம் போய்விட்டன.

ஆங்கிலச் சொல்லின் வேர் லத்தீனில் இருக்கிறது. 'செர்னெரே' என்றால் சலித்துப் பிரித்தல். புதிய ஏற்பாட்டின் கிரேக்கச் சொல் 'தியாக்ரிசிஸ்'. அதுவும் பிரித்துப் பார்த்துத் தீர்மானிப்பதையே குறிக்கும். இந்தப் பெயர்ச்சொல் அங்கே மூன்றே இடங்களில் வருகிறது. ரோமர் 14:1இல் அது கருத்து வேறுபாடுகளைப் பற்றிய தர்க்கம். நம் பேச்சுக்கு அது தேவையில்லை. 1 கொரிந்தியர் 12:10இல் 'ஆவிகளைப் பகுத்தறிதல்' என்று ஒரு வரமாக வருகிறது. மூன்றாவது இடம் எபிரெயர் 5:14. "நன்மை தீமையின்னதென்று பகுத்தறியத்தக்கதாக முயற்சியினால் பயின்ற ஞானேந்திரியங்களையுடைய" பூரண வயதுள்ளவர்களைப் பற்றி அந்த வசனம் பேசுகிறது.

இதில் 'பயின்ற' என்பதைக் கொஞ்சம் கவனியுங்கள். கிரேக்கத்தில் அது உடற்பயிற்சியைக் குறிக்கும் வினை. 'ஜிம்' என்று நாம் சொல்வதும் அதே வேர்தான். ஆக, வரமாகக் கொடுக்கப்படுகிற அதே பகுத்தறிதல் பழகப் பழக வளர்வதாகவும் இருக்கிறது. கிருபையோடு வேறு எதையும் சேர்க்கக் கூடாது என்று பவுல் வாதாடும் கலாத்தியர் நிருபத்தை முழுதாக, பலமுறை வாசித்த ஒருவர், "விசுவாசம் சரி, ஆனால் எங்கள் கூட்டத்தில் சேர்ந்தால்தான் இரட்சிப்பு" என்று கேட்ட உடனே நிமிர்ந்து உட்காருவார். கிருபையோடு ஒரு நிபந்தனை ஒட்டவைக்கப்படுவது அவருக்குத் தெரிந்துவிடும்.

தமிழ் வேதாகமத்தின் பழைய மொழிபெயர்ப்பு இந்தக் கருத்துக்கு ஒரே சொல்லோடு நிற்கவில்லை. நன்மை தீமை இன்னதென்று 'வகையறுக்க' ஞானமுள்ள இருதயத்தைக் கேட்கிறார் சாலொமோன் (1 இராஜாக்கள் 3:9). வானத்தின் தோற்றத்தை 'நிதானிக்க'த் தெரிந்தவர்களுக்குக் காலங்களின் அடையாளங்களை நிதானிக்க முடியவில்லையே என்கிறார் இயேசு (மத்தேயு 16:3). எனக்கு மிக முக்கியமாகப் படுவது 1 கொரிந்தியர் 14:29: "தீர்க்கதரிசிகள் இரண்டுபேராவது மூன்றுபேராவது பேசலாம், மற்றவர்கள் நிதானிக்கக்கடவர்கள்." இங்கே உள்ள கிரேக்க வினை, தியாக்ரிசிஸ் பிறந்த அதே வினைதான். தீர்க்கதரிசனம் சொல்கிறவர் பேசி முடித்ததும் கேட்டவர்கள் அதை எடைபோட வேண்டும். பவுல் அதைச் சபை ஒழுங்காகவே வைக்கிறார்.

ஊழியரைக் கேள்வி கேட்பவர்களிடம் சொல்லப்படும் "அபிஷேகம்பண்ணப்பட்டவரைத் தொடாதே" என்ற மிரட்டலை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அந்த வார்த்தை சங்கீதம் 105:15இல் இருக்கிறது. மேலே இரண்டு மூன்று வசனம் ஏறிப் படித்தால் போதும், அது யாரைப் பற்றியது என்று தெரிந்துவிடும். கொஞ்சப் பேராய், பரதேசிகளாய், தேசம் தேசமாய் அலைந்த முற்பிதாக்களுக்குத் தீங்கு செய்யாதீர்கள் என்று தேவன் ராஜாக்களைக் கடிந்துகொள்கிறார். பலவீனரைப் பலவானிடமிருந்து காத்த வசனம் அது. அதைத் திருப்பிப் பிடித்து, கணக்குக் கேட்கும் விசுவாசியை அடக்கப் பயன்படுத்துவது பெரிய அநியாயம். பேதுருவையே பவுல் எல்லாருக்கும் முன்பாகக் கண்டித்தார் என்பதையும் அதே கலாத்தியர் நிருபம் சொல்கிறது.

அப்படியானால் பகுத்தறிதல் என்பது சந்தேகப்படுவதா? இல்லை. அதே கிரேக்க வினை வேறு வடிவத்தில் வரும்போது 'சந்தேகப்படுதல்' என்று பொருள்படுகிறது. யாக்கோபு 1:6இல் "சந்தேகப்படாமல் விசுவாசத்தோடே" என்பது அந்த வடிவம். ஒரே வேரிலிருந்து கிளைத்தாலும் ஒன்றைச் செய்யச் சொல்கிறது வேதம், மற்றொன்றை விடச் சொல்கிறது. குறளில் 'தெரிந்து தெளிதல்' அதிகாரம் முடிகிற இடத்தில் இந்த வேறுபாடு நறுக்கென்று வருகிறது: "தேரான் தெளிவும் தெளிந்தான்கண் ஐயுறவும் தீரா இடும்பை தரும்." ஆராயாமல் நம்புவதும் தொல்லை, ஆராய்ந்து நம்பியவர்மேல் ஓயாமல் ஐயப்படுவதும் தொல்லை.

கள்ளப்போதகர் என்ற சொல்லும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியதுதான். அதற்குரிய கிரேக்கச் சொல் புதிய ஏற்பாட்டில் 2 பேதுரு 2:1இல் மட்டுமே வருகிறது. அவர்கள் வேதப்புரட்டுகளைத் 'தந்திரமாய் நுழையப்பண்ணுவார்கள்' என்கிறது அந்த வசனம். கள்ளநோட்டு நல்ல நோட்டைப் போலவே இருப்பதுபோல, பாட்டு, ஜெபம், வசனம் எல்லாம் அங்கேயும் இருக்கும். அற்புதம்கூட நடக்கலாம். ஒருவன் சொன்ன அடையாளம் பலித்தாலும், அவன் வேறு தெய்வங்களிடம் இழுத்தால் கேட்காதே என்கிறது உபாகமம் 13. அதனால்தான் "ஆவிகளைச் சோதித்தறியுங்கள்" என்கிற யோவான், கிறிஸ்து மாம்சத்தில் வந்தார் என்று அறிக்கையிடுகிறார்களா என்ற போதனையளவில் சோதிக்கச் சொல்கிறார். இயேசு கனிகளைப் பார்க்கச் சொன்னார். கனி ஒரே நாளில் பழுக்காது. காத்திருந்துதான் பார்க்க வேண்டும்.

ஆதிச் சபையின் 'திதாகே' என்ற கையேடு இதை இன்னும் நடைமுறையாகச் சொல்கிறது. அதன் கையெழுத்துப் பிரதியை 1873இல் கான்ஸ்டான்டினோபிளில் கண்டெடுத்தார்கள். ஊர் ஊராக வரும் ஊழியர் ஒரு நாள் தங்கலாம், தேவையானால் இரண்டு நாள். மூன்றாம் நாளும் தங்கினால் அவர் கள்ளத்தீர்க்கதரிசி. ஆவியில் பேசுவதாகச் சொல்லித் தனக்குப் பணம் கேட்டால் செவிகொடுக்க வேண்டாம். இல்லாதவர்களுக்காகக் கேட்டால் அவரை யாரும் நியாயந்தீர்க்க வேண்டாம்.

சரி, எந்தத் தமிழ்ச்சொல்லைப் புழங்கலாம்? கத்தோலிக்கத் திருச்சபையில் 'தெளிந்து தேர்தல்' வழங்குகிறது. இறைவனின் சித்தத்தைத் தேடி முடிவெடுக்கும் இடங்களுக்கு அது அழகாகப் பொருந்தும். 'பகுத்தறிவு' இன்றைய பேச்சில் கடவுள் மறுப்போடு ஒட்டிக்கொண்டுவிட்டது. அதற்காக வேதாகமச் சொல்லான 'பகுத்தறிதல்' நம் கையைவிட்டுப் போகத் தேவையில்லை. வரத்தைச் சொல்லும்போது 'ஆவிகளைப் பகுத்தறிதல்' என்ற தொடரையே வைத்துக்கொள்ளலாம். பிரசங்கம் கேட்டபின் வசனத்தைத் திறந்து, பெரோயா பட்டணத்தார்போல "இப்படியிருக்கிறதா" என்று ஒப்பிட்டுப் பார்க்கும் வேலைக்கு நான் 'நிதானித்தறிதல்' என்பேன். எடைபோடுவதும் அவசரப்படாமல் இருப்பதும் அந்த ஒரே சொல்லில் இருக்கின்றன. "இப்போதே முடிவெடு, இப்போதே காணிக்கை கொடு" என்று நெருக்குகிறவர்களுக்கு முன்னால் இரண்டுமே வேண்டும்.