ஃபிரான்ஸ் வீட்டில் என்ன மொழி பேசினான்?

திருப்புதல் தேர்வு விடைத்தாள்களைத் திருத்தி முடித்த கையோடு எழுதுகிறேன். பத்தாம் வகுப்பு ஆங்கிலம், 'கடைசிப் பாடம்' கதையிலிருந்து பேராகிராஃப் கேள்வி. கட்டுக்கட்டாக ஒரே விடை. ஒரே தொடக்கம், ஒரே முடிவு. கைடில் பிழையாக அச்சான ஒரு சொல்லைக்கூட அப்படியே பார்த்து மனப்பாடம் செய்திருக்கிறார்கள். வகுப்பில் நான் தனியாக வைத்த சிறுதேர்வில், 'இந்தக் கதையை நமக்குச் சொல்வது யார்?' என்று கேட்டிருந்தேன். பாதிப் பேருக்கு மேல் எழுதிய பதில்: அல்போன்ஸ் தோதே.

தோதே கதையை எழுதியவர். 1840-இல் தெற்கு பிரான்சின் நீம் நகரத்தில் பிறந்தவர். கதை நடப்பதோ நாட்டின் வடகிழக்கு எல்லையில் உள்ள அல்சாஸில், 1870-71 போரில் பிரான்ஸ் பிரஷ்யாவிடம் தோற்ற பிறகு. பள்ளிகளில் இனி ஜெர்மன்தான் என்று பெர்லினிலிருந்து உத்தரவு வந்து, பிரெஞ்சு வகுப்பு கடைசியாக நடக்கும் நாள் அது. எழுதியபோது அவருக்கு முப்பது வயது கடந்துவிட்டது. கதையில் 'நான்' என்று பேசுவது ஃபிரான்ஸ் என்ற சின்னப் பையன். படிக்கவில்லை, திட்டு விழும், மட்டம் போட்டுவிடலாமா என்று யோசித்துக்கொண்டே பள்ளிக்கு வருகிறவன். ஆசிரியர் ஹமேல் பச்சைக் கோட்டு போட்டிருப்பதைப் பார்க்கிறான். இன்ஸ்பெக்‌ஷன் நாளிலும் பரிசளிப்பு நாளிலும் மட்டும் போடுகிற கோட்டு. ஏன் இன்று போட்டிருக்கிறார் என்று அவனுக்குப் புரியவில்லை. கூர்ந்து படிக்கிற மாணவி அவனுக்கு முன்பே ஊகித்துவிடுவாள். அந்த இடைவெளியில்தான் கதையின் உயிர் இருக்கிறது. சொல்வது யார் என்பதைத் தவறவிட்ட பிள்ளைக்கு இதெல்லாம் இல்லாமலே போய்விடுகிறது.

இதோடு போயிருந்தால் நான் இவ்வளவு கோபப்பட்டிருக்க மாட்டேன். என் வகுப்பில் ஒரு பெண், குடியாத்தம் பக்கத்துக் கிராமம், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். பாடம் நடக்கும்போது எழுந்து கேட்டாள்: "மிஸ், ஃபிரான்ஸ் வூட்ல இன்னா பேசுவான்?" இதே கேள்வியை முந்தைய நாள் டியூஷனில் கேட்டிருக்கிறாள். பரீட்சைக்கு வராததைக் கேட்காதே என்று உட்கார வைத்துவிட்டார்களாம்.

இந்தக் கதையைப் பற்றி ஒரு மாணவி கேட்கக்கூடிய மிகச் சிறந்த கேள்விகளில் அது ஒன்று. அல்சாஸ் மக்களில் பெரும்பாலோர் வீட்டில் பேசியது ஜெர்மனோடு உறவுள்ள வட்டாரப் பேச்சு. கதை அதைப் பற்றி வாய் திறப்பதில்லை. அப்படியானால் ஹமேல் பிரெஞ்சைத்தான் உலகிலேயே அழகான மொழி, தெளிவான மொழி என்று சொல்லும்போது நாம் எப்படி எடுத்துக்கொள்வது? தோற்ற நாட்டின் வேதனையாகவா, ஒரு ஆசிரியரின் பாசமாகவா? கதை எதைச் சொல்லாமல் விடுகிறது? வீட்டில் உருதும் தெலுங்கும் பேசி, பள்ளியில் தமிழும் ஆங்கிலமும் படிக்கிற நம் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு இந்தக் கேள்வி தானாக வருகிறது. அதைப் போய் வாயடைக்கலாமா?

இப்போது, என்னை அதிகம் வதைக்கிற நம்பிக்கைக்கு வருகிறேன். சுருக்கம் தெரிந்தால் கதை தெரியும் என்ற நம்பிக்கை. பெற்றோருக்கு இருக்கிறது, டியூஷன் நடத்துகிறவர்களுக்கு இருக்கிறது, சக ஆசிரியர்கள் சிலருக்கும் இருக்கிறது. 'பெர்லினிலிருந்து உத்தரவு வந்தது, பிரெஞ்சு வகுப்பு நின்றது, ஆசிரியர் வருந்தினார், தாய்மொழியை நேசிக்க வேண்டும்.' இதில் கதை எங்கே இருக்கிறது? கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்த ஊர்ப் பெரியவர்கள் எங்கே? ஓரம் நைந்த பழைய பாலபாடப் புத்தகத்தை மடியில் விரித்து வைத்திருக்கும் கிழவர் ஹாசர் எங்கே? கூரையில் குனுகும் புறாக்களையும் ஜெர்மனில் பாடச் சொல்வார்களோ என்று நினைக்கிறானே பையன், அது எங்கே? ஹமேலுக்குப் பேச்சு வராமல் போய் கரும்பலகையில் 'பிரான்ஸ் வாழ்க' என்று முடிந்தவரை பெரிதாக எழுதுகிறார். ஏன் வாயால் சொல்லவில்லை? அழுகை முட்டியிருக்கும் என்றான் ஒருவன். வெளியே பிரஷ்ய வீரர்களின் எக்காள ஓசை கேட்கிறது, அதற்கு மேல் இவர் குரல் கேட்காது என்றாள் ஒருத்தி. இரண்டுமே சரி, ஏனென்றால் இருவரும் வரியைக் காட்டினார்கள்.

அதற்காக எதை எழுதினாலும் சரி என்று ஆகாது. ஹமேல் குறையே இல்லாத லட்சிய ஆசிரியர் என்று எழுதினால் தவறு. பிள்ளைகளைச் செடிக்குத் தண்ணீர் ஊற்ற அனுப்பினேன், மீன் பிடிக்கப் போக வேண்டுமென்றால் லீவு விட்டேன் என்று அவரே ஒப்புக்கொள்கிறார். கதை எதிர்த்துப் பேசுகிற விடைக்கு மதிப்பெண் கிடையாது.

'நம்ம பசங்களுக்கு இந்த அலசல் எல்லாம் வராது சார்' என்று ஸ்டாஃப் ரூமில் கேட்கும்போது எனக்கு மனம் ஆறுவதில்லை. வட ஆற்காட்டுப் பிள்ளைகளைப் பார்த்தா இந்தப் பேச்சு? திரௌபதி அம்மன் கோயிலில் விடிய விடிய பாரதக் கூத்து பார்த்து வளர்கிறவர்கள். கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் கதைக்கு உள்ளேயும் நிற்கிறான், வெளியேயும் நின்று ராஜாவைக் கேள்வி கேட்கிறான் என்பது அவர்களுக்குத் தெரியும். பாரதக் கூத்தின் முடிவில் நடக்கும் படுகளத்தில் மண்ணால் செய்த துரியோதனன் கிடக்க, கெட்டவன் என்று தெரிந்தும் ஒப்பாரியில் மனம் இளகுவதை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். கதைசொல்லியும் நோக்குநிலையும் அவர்கள் கண்ணால் கண்டவை, பெயர்தான் தெரியாது. பெயரைப் பிறகு சொல்லிக்கொள்ளலாம். 'கடைசிப் பாடம்' கதைக்களத்தை விளக்க 1806-ஐ எடுத்தேன். ராணுவத்தில் புதுத் தலைப்பாகை போடச் சொன்னார்கள், திருநீறும் தாடியும் கூடாது என்றார்கள், வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தார்கள். தூரத்து அதிகாரத்தின் உத்தரவு ஒரு மனிதனின் வாழ்க்கைக்குள் எப்படி நுழையும் என்று அதற்கு மேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ரிசல்ட் நெருக்கடி எனக்கும் உண்டு. 35 மதிப்பெண்ணைத் தொட முடியாமல் திணறும் பிள்ளைக்கு, தேர்ச்சிக்கு மட்டும் போதுமான மினிமம் மெட்டீரியல் கொடுக்கத்தான் வேண்டும், நானும் கொடுக்கிறேன். ஆனால் கதையை ஒருமுறை முழுதாக வாசித்துக் காட்டிய பிறகு. எல்லாப் பாடலுக்கும் பொருந்தும் ஒரே பேராகிராஃப் என்று யூடியூபில் சுற்றுகிறதே, அதை வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். திருத்துகிறவருக்கு இரண்டாவது வரியிலேயே தெரிந்துவிடும்.

டியூஷன் எடுப்பவர்களுக்கு: நீதியை முதலில் எழுதிப் போடுவதை நிறுத்துங்கள். கேள்வி கேட்கிற பிள்ளையை உட்கார வைக்காதீர்கள். பதில் தெரியாவிட்டால் நாளைக்குச் சொல்கிறேன் என்று சொல்லுங்கள், ஒன்றும் குறைந்துவிடாது.

பெற்றோருக்கு என் வேண்டுகோள். தறியிலும் பீடியிலும் ஷூ கம்பெனியிலும் உழைத்துவிட்டு வருகிறீர்கள், எனக்கு ஆங்கிலம் தெரியாதே என்று தயங்குகிறீர்கள். தெரிய வேண்டாம். பிள்ளையை உட்கார வைத்து, அந்தக் கதையைத் தமிழிலோ தெலுங்கிலோ உருதிலோ சொல்லச் சொல்லுங்கள். 'தாய்மொழியை நேசிக்கணும்' என்று ஆரம்பித்தால் நிறுத்துங்கள். அந்தப் பையன் அன்றைக்குப் பள்ளிக்கூடம் போகும்போது எதற்குப் பயந்தான், வாத்தியார் என்ன கோட்டு போட்டிருந்தார், பின்னால் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று கேளுங்கள். முழித்தால், கைடை வாங்கி வைத்துக்கொண்டு பாடப் புத்தகத்தைக் கையில் கொடுங்கள். சில பக்கம்தான், இந்த ஞாயிற்றுக்கிழமையே முடித்துவிடலாம்.