பாயிண்ட் என்றால் புள்ளி இல்லை

கணினியில் ரயில் ஓட்டும் விளையாட்டான ரயில் சிமுலேட்டரில் வழித்தடம் அமைப்பது பற்றிய ஒரு கையேட்டின் தமிழாக்கம் கைக்கு வந்தது. ‘புள்ளிகளுக்கு அருகே புள்ளி இயந்திரத்தை வைக்கவும்’ என்று ஒரு வரி. அடுத்த பக்கத்தில் ‘எதிரே உள்ள புள்ளிகள் உங்களுக்கு எதிராக அமைந்துள்ளன’. விளையாட்டில் மதிப்பெண் குறைந்துவிட்டது போலிருக்கிறது என்றுதான் யாரும் நினைப்பார்கள். சிமுலேட்டரில் நிஜமாகவே மதிப்பெண்ணும் உண்டு, அதற்கும் புள்ளி என்றுதான் போட்டிருக்கிறார்கள். பாயிண்ட் என்ற ரயில்வேச் சொல்லைப் புள்ளி என்று மொழிபெயர்ப்பதைப் பார்ப்பது எனக்கு நாலாவது தடவையோ ஐந்தாவது தடவையோ, அதனால்தான் இந்தப் புலம்பல்.

பாயிண்ட் என்பது ஒரு தண்டவாளம் இரண்டாகப் பிரியும் இடத்தில் வண்டியை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ திருப்பிவிடும் அமைப்பு. ரயில்வேக்காரர்கள் பாயிண்ட் என்றே சொல்வார்கள், அதைப் பார்த்துக்கொள்பவர் பாயிண்ட்ஸ்மேன். சார்லஸ் ஃபாக்ஸ் என்ற ஆங்கிலப் பொறியாளர் 1838-இல் இதில் ஒரு வகைக்குக் காப்புரிமை வாங்கினார்.

சொல்லின் வேரை ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். குத்துதல் என்று பொருள்படும் இலத்தீன் வினையிலிருந்து பழைய பிரெஞ்சில் இரண்டு சொற்கள் பிறந்தன. குத்தியதால் விழுந்த குறி ஒன்று, குத்துகிற கூர் இன்னொன்று. ஆங்கிலத்துக்குப் போனபோது இரண்டும் ஒரே சொல்லாக ஒட்டிக்கொண்டன. தமிழில் அந்தக் குழப்பமே கிடையாது, குறிக்குப் புள்ளி, கூருக்கு முனை. ரயில் பாயிண்டில் இருப்பது இரண்டாவது பொருள். அங்கே நகர்கிற இரண்டு தண்டவாளங்களும் நுனியில் கத்தி போலச் சீவப்பட்டிருக்கும். அந்தக் கூர்நுனி பக்கத்துத் தண்டவாளத்தோடு ஒட்டிப் படிந்தால்தான் சக்கரம் உதைபடாமல் திரும்பும். இரண்டு நுனி இருப்பதால்தான் ஆங்கிலத்தில் பன்மையில் சொல்கிறார்கள். பிரெஞ்சுக்காரரும் ஸ்பானியரும் இதை ஊசி என்றே அழைக்கிறார்கள். பார்த்தவர்கள் எல்லோருக்கும் கூர்தான் கண்ணில் பட்டிருக்கிறது, அகராதியை மட்டும் பார்த்தவருக்குத்தான் புள்ளி தெரிகிறது.

சொல் எதுவாக இருந்தால் என்ன என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அந்தக் கையேட்டை நம்பி என் நண்பர் ஒருவர் தன் வழித்தடத்தில் புள்ளி இயந்திரத்தை இரண்டு தண்டவாளமும் ஒன்றையொன்று வெட்டும் இடத்தில் கொண்டுபோய் வைத்திருந்தார். அவர்மேல் தப்பில்லை, இரண்டு கோடுகள் வெட்டும் இடத்தைப் புள்ளி என்றுதானே பள்ளிக்கூடத்தில் படித்தோம். இயந்திரம் இருக்க வேண்டியது பல மீட்டர் தள்ளி, கூர்நுனிக்கு நேரே, தண்டவாளத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு நீளக் கட்டைகளின் மேல். அங்கிருந்து தள்ளுகோல் தண்டவாளத்துக்கு அடியில் நுழைந்து நுனிகளைப் பிடிக்கும். முனை இயந்திரம் என்று எழுதியிருந்தால் எங்கே வைப்பது என்று சொல்லே காட்டிக்கொடுத்திருக்கும்.

சரி, புள்ளியை விரட்டியாயிற்று. கொஞ்சம் யோசித்து எழுதுபவர்கள் பிடித்துக்கொண்டிருக்கும் ‘தடமாற்றி’ என்ற சொல்தான் எனக்குப் பெரிய தலைவலி. தூய தமிழ், காதுக்கும் நன்றாகத்தான் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது செய்யும் வேலையைச் சொல்கிறதே தவிர எந்தப் பொருள் என்று சொல்வதில்லை. ஒரு வழித்தடத்தின் பொருள் பட்டியலைத் திறந்து பாருங்கள், பிரியும் தண்டவாளமும் தடமாற்றி, அதை நகர்த்தும் மோட்டார்ப் பெட்டியும் தடமாற்றி, பக்கத்தில் நிற்கும் கைநெம்புகோலும் தடமாற்றி, போதாததற்குத் திரையில் அழுத்தும் பொத்தானும் தடமாற்றி. நாலு பொருளுக்கு ஒரு பெயர் வைத்துவிட்டு, கைநெம்புகோல் உள்ள இடத்தில் மோட்டாரையும் சேர்த்து நட்டுவிட்டார்கள் என்று சிரித்தால் யார்மேல் குற்றம்? தவிர, தடம் மாறிப் போனான் என்று நாம் யாரைச் சொல்வோம் என்பது எல்லோருக்கும் தெரியும்.

அமெரிக்கக் கையேடுகளிலிருந்து வருபவர்கள் ‘சொடுக்கி’ என்கிறார்கள். அவர்கள் ஊரில் இதற்கு ஸ்விட்ச் என்று பெயர், அதைப் பார்த்ததும் விளக்கு போடுகிற ஸ்விட்ச் ஞாபகம் வந்திருக்கிறது. வேடிக்கை என்னவென்றால் ஸ்விட்ச் என்ற ஆங்கிலச் சொல் முதலில் சாட்டையாக உதவும் மெல்லிய குச்சியைத்தான் குறித்தது, நாமும் சாட்டையைச் சொடுக்குகிறோம். குருட்டாம்போக்கில் பொருந்திவிட்டது, அவ்வளவுதான், ரயிலுக்கு அது உதவாது.

என் கணக்கில் இதற்கு ஒரு சொல் போதாது, மூன்று வேண்டும். தடம் பிரியும் அந்த முழு அமைப்புக்கும் கவை. மரக்கிளை இரண்டாகப் பிரிந்தால் கவை, அதிலிருந்து வந்ததுதான் கவட்டை. சங்கப் பாட்டுகளில் கிளைபிரியும் வழிக்குக் கவலை என்றே பெயர். நகர்கிற கூர்த் தண்டவாளத்துக்கு முனை, இல்லையென்றால் நாக்கு. ஆங்கிலப் பொறியியலில் அதை நாக்கு என்று சொல்வதும் உண்டு. இயந்திரத்துக்கு முனைநகர்த்தி. கவைக்குதவாத சொல் என்று ஒருவர் கிண்டலடித்தார், அந்தத் தொடரில் வரும் கவை வேறு என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. யாருக்கும் பிடிக்காவிட்டால் பாயிண்ட் என்றே எழுதிவிடுங்கள், எனக்குச் சம்மதம். பிறமொழிச் சொல் புரிகிறது, தப்பான தமிழ்ச் சொல் புரிந்ததுபோல் ஏமாற்றுகிறது.

பெயரைத் தனித்தனியாக வைத்தால் சிமுலேட்டரில் எதையெல்லாம் செய்து வைக்க வேண்டும் என்பதும் தெரியவரும். ஒரு முனை ஒட்டியிருக்கும்போது மற்றது ஏறத்தாழ ஒரு கைச்சாண் பாதி அளவுக்கு விலகி நிற்கும், இரண்டையும் ஒரு குறுக்குக் கம்பி பிணைத்திருக்கும். முனை வழுக்கி நகரும் தட்டுகளில் கருப்பாகக் கிரீஸ் கசிந்திருக்கும். தள்ளுகோல் போகும் இடைவெளியில் ஜல்லி குவிந்திருக்கக் கூடாது, குவிந்தால் நிஜத்தில் கோல் சிக்கிக்கொள்ளும். வண்டி அதிகம் போகாத கிளையில் தண்டவாளத்தின் மேற்பரப்பு துருப்பிடித்திருக்கும், மற்றது பளபளக்கும். பழைய காலத்து வழித்தடம் என்றால் மோட்டாரே வேண்டாம், சிக்னல் கேபினிலிருந்து உருளைகள்மேல் ஓடிவரும் நீளக் கம்பிகளும், வெயிலில் கம்பி நீள்வதை ஈடுகட்டும் நெம்புகளும் வேண்டும்.

ரயில் சிக்னலுக்குக் கைகாட்டி என்று பெயர் வைத்தவர் மரத்தின் உச்சியில் நீட்டிய கையைப் பார்த்தார், வைத்தார். இப்போதைய மொழிபெயர்ப்பாளர்கள் தண்டவாளத்தையே பார்ப்பதில்லை. அதே கையேட்டில் ஜல்லிக்கு ‘நிலைப்படுத்தி’ என்று போட்டிருக்கிறார்கள், ஜல்லிக்கும் ஆங்கிலத்தில் கப்பலிலும் குழல்விளக்கிலும் வரும் அதே பேலஸ்ட் என்ற சொல்தான்.

நண்பர் இயந்திரத்தை முனைக்கு நகர்த்திவிட்டார். தண்டவாளங்கள் வெட்டும் இடத்தில் வரும் துண்டுக்கு ஆங்கிலத்தில் ஃப்ராக் என்று பெயர். அங்கே ‘தவளையைப் பொருத்தவும்’ என்று கையேட்டில் இருக்கிறதே, அது எந்தக் கோப்பில் கிடைக்கும் என்று நேற்று கேட்டார்.